ஜோயலின் பதில் விடுபட்ட இடம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் முன்படிக்கட்டருகே, மற்றவர் கடைசி இருக்கையில். ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. அவர்களிடமிருந்து சத்தமே இல்லை, உதடுகள்தான் அசைந்தன. திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"தறிக்கார ஆளுவ. தறி ஓடுத செட்டுக்குள்ள கத்துனாலும் கேக்காது. வாயப் பாத்தே பேசிக்கிடுவாவ" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவர்களில் ஒருவருக்கு ஜோயல் என்று பேர் வைத்தேன். வேடிக்கையாக ஒரு கதை எழுதுவதாகத்தான் உத்தேசம்.

2.

முதல் தொடக்கம்: "இசை என்பது மௌனத்தின்—" இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஜோயலின் மாடியறை கருவறை போல—" அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அதையும் அடித்தேன்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் தறி மெக்கானிக் ஜோயல், நாற்பது வயதில் தன் மாடியறையை ரெக்கார்டிங் ஸ்டூடியோ ஆக்கினான். எதிரொலியை அடக்கும் பலகைகளின் விலையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவன், மரச்சட்டங்களில் கழிவுப் பஞ்சை அடைத்து, மேலே பேண்டேஜ் துணியை இழுத்து ஆணியடித்தான். பாடுகிறவர் நிற்பதற்கு, கயிற்றுக் கொடி கட்டி நாலு பக்கமும் பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டான். மூச்சு நேராக மைக்கில் மோதாமலிருக்க, மனைவி எப்சியின் எம்பிராய்டரி வளையத்தில் அதே பேண்டேஜை இரண்டு மடிப்பாக மாட்டினான். லேப்டாப் பழையது. மைக் மட்டும் புதிது. காற்றாடியை நிறுத்தினால் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச் பாடகர் குழுவை நடத்தும் அவன் அக்கா தங்கபாய் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"ஏலே, இது ஸ்டூடியோவா ஆஸ்பத்திரியா? செவுத்துக்கெல்லாம் கட்டுப் போட்டு வச்சிருக்க."

"சிரி. கேட்டுட்டுப் பொறவு சொல்லு."

கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் குழு இங்கேதான் பதிவு செய்யப்போகிறது. மற்ற சர்ச்சுகளிலிருந்தும் ஆள் வரும் என்று ஜோயல் நம்பினான். அதனால் திங்கட்கிழமை மில் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கப்போகிறான். இனிமேல் காதுதான் அவன் தொழில்.

3.

எப்சி ஒரு சரணம் பாடிக் காட்டினாள். ஜோயல் ஹெட்போனுடன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். தங்கபாய் அதைக் கேட்டு வாங்கித் தன் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் பிடுங்கி மடியில் போட்டாள்.

"கர்த்தாவே. காதா கருங்கல்லாலே ஒனக்கு? எம்புட்டுச் சத்தம் வச்சிருக்க."

"செட்டுல இருந்து பழகிட்டுக்கா."

"பழகும், பழகும். மனுசன் கேக்க அளவு இதுதான்." சத்தத் திருகைக் குறைத்து வைத்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டாள்.

4.

எப்சி மறுபடி மெத்தைகளுக்குள் போனாள். ஜோயல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து ஒரு வயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அப்போது எப்சி சொல்வதாக இப்படி எழுதினேன்:

"ஏங்க, கீழ மோட்டார் ஓடுது. தொட்டி நெறஞ்சிருக்கும்."

"தண்ணி வழியப் போவுதுங்க."

"ஏங்க."

எழுதியதைத் திருப்பி வாசித்தபோது, இடையில் ஜோயலின் பதிலை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். வேகமாக எழுதும்போது அப்படி ஆவதுண்டு. "இந்தா, மோட்டார அமத்துதேன்" என்று ஒரு வரியைச் செருகப்போனேன். செருக முடியவில்லை. எதுவும் விடுபடவில்லை. அவன் பதிலே சொல்லவில்லை.

மெத்தைக்கு இந்தப் பக்கம், அவன் பார்க்க அவள் முகம் இல்லை.

5.

நீங்கள் கேட்கப்போவதை நானும் கேட்டேன். கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? எப்சியைப் புதுப்பெண்ணாக மாற்றிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் அவளிடமே பதில் இருந்தது. கல்யாணமான புதிதில் தன் அம்மாவிடம் அவள் சொன்னது:

"மத்த ஆம்பளைய மாதிரி இல்லம்மா அவிய. நான் பேசுனா பேப்பரக் கீழ வச்சிட்டு எம் முகத்தையே பாத்துக் கேப்பாவ."

இதற்காகத் தங்கபாயிடம் கேலியும் வாங்கியிருக்கிறாள்: "ஏட்டி, ஒம் மூஞ்சில என்ன படமா ஓடுது, இவன் இப்பிடிப் பாக்கான்?"

மெத்தைகளுக்கு நடுவில் நின்ற எப்சிக்கு அது ஞாபகம் வந்தது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் அவர் பார்த்தது என் முகத்தையா, உதட்டையா?*

(* கரண்ட் போன ராத்திரிகளில் ஜோயல் பேச்சை வளர்த்ததே இல்லை. வேலை அலுப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். இதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.)

6.

முதல் முடிவு: மதுரையில் காது டாக்டர், ஒரு கருவி, பாட்டு, பண்டிகை. நின்ற இடத்திலேயே ஒருத்தி இத்தனை வருடத்தையும் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அதை இத்தனை சீக்கிரம் துடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது: அவனுக்கு முன்பே தெரியும், மறைத்தான். எழுதிப் பார்த்தேன். பொய் சொல்கிற ஆள் இப்படிக் கடன்பட்டவன் போல ராத்திரி பகலாகப் பஞ்சு அடைக்கமாட்டான். ஊரே மெதுவாகப் பேசுகிறது என்றுதான் அவன் நினைத்திருக்கிறான்.

மூன்றாவது பாதியில் நிற்கிறது.

எப்சி மெத்தைகளுக்குள் நின்றபடி, மைக்குக்கு நேராக, சாதாரணக் குரலில் சொன்னாள்: "ஒங்களுக்குக் காது கேக்கல."

ஜோயல் இப்போது நிமிர்ந்திருந்தான். லேப்டாப் திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு எழும்பி அடங்கியது. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பார்த்தான். திருகைப் பார்த்தான். எழுந்து வந்து மெத்தையை விலக்கினான்.

"ஏதோ சொன்ன போலுக்கு. கோடு எழும்புச்சு. என்ன சொன்ன எப்சி?"

என்றைக்கும் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவள் வாயைத் திறந்து—

இதற்குமேல் ஒரு வரி எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், அதையும் அடித்தேன். "பாடத்தான் ஆரம்பிச்சேன்" என்று அவள் சொன்னால் திங்கட்கிழமை கடிதம் போகும். சொன்னதையே திரும்பச் சொன்னால் போகாது. ஆனால் அவன் அதற்குப் பிறகு அவளை எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். மெத்தை விலகித்தான் இருக்கிறது. அவன் முகத்துக்கு நேராக நின்று சொல்லுங்கள்.