ஒட்டுமில்லை, உறவுமில்லை

1

இந்தக் கதை ஒரு காகிதத்திலிருந்து வந்தது. காட்டியவர் வீட்டுத் தரகர் மரிசோல். அப்போது எங்கள் ஊரான கேப் கோரலில் பலருக்கு வீட்டு விலையைவிட வீட்டுக் கடன் பெரிதாகியிருந்தது. கிடைத்த விலைக்கு விற்றுக்கொள்கிறேன், மிச்சத்தைத் தள்ளுபடி செய் என்று வங்கியிடம் கெஞ்சுவார்கள். ஷார்ட் சேல் என்று பெயர். ஷார்ட்டாக முடிந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் இருதரப்பும் கையெழுத்திட வேண்டிய ஓர் உறுதிமொழி, அதுதான் அந்தக் காகிதம்: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை, நட்புமில்லை, விற்றவர் அந்த வீட்டில் தங்கவும் மாட்டார்.

2

டோரீன் ப்ரூயிட், பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். வேலை நேரம் பாதியான அன்று வானம்...

(வேண்டாம். வானம் எப்போதும்போலத்தான் இருந்தது.)

வீட்டை இப்படி விற்க அனுமதி கேட்டு டோரீன் வங்கிக்குச் சம்பளச் சீட்டு அனுப்பினார். பழசு, புதுசு அனுப்பு என்றார்கள். அனுப்புவதற்குள் கோப்பைப் பார்ப்பவர் மாறிவிட்டார். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். அவரும் மாறினார். (நானும் கதையை முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று விட்டுவிட்டேன்.)

3

வாங்க வந்தவர் வெண்டெல் ஸ்டோக்ஸ், படகு மெக்கானிக். அவரைக் கஞ்சனாக எழுத நினைத்தேன், ஆள் ஒத்துழைக்கவில்லை. வங்கி வாய் திறக்காத மாதங்களில், வாங்கப்போகும் வீட்டை எட்டிப் பார்க்க வந்து ஏ.சி.யைச் சரிசெய்தார். டோரீன் மீன் வறுத்துப் போட்டார். அப்புறம் ஏ.சி. நன்றாக ஓடும்போதும் வந்தார்.

மரிசோல் தலையில் அடித்துக்கொண்டார். "கையெழுத்துப் போடுற வரைக்குமாவது அந்தாளோட சண்ட போட்டுக்கங்க, டோரீன்."

முயன்றார்கள்.

"வந்ததும் அந்த எலுமிச்ச மரத்த வெட்டிருவேன்."

"வெட்டுங்க. பத்து வருஷமா என்னைக் குத்துது."

"அப்ப வெட்டல."

"ஏன்?"

"உங்களுக்குப் புடிச்சதச் செஞ்சா சண்ட எப்படி வரும்?"

(சண்டைக் காட்சி எனக்கும் வராது.)

4

வங்கி திடீரென்று சம்மதித்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து, இல்லாவிட்டால் வீடு ஏலம், மிச்சக் கடன் டோரீன் தலையில்.

முடிவு அ: பொய்க் கையெழுத்து, கடன் தீர்கிறது. முடிவு ஆ: உண்மை, ஏலம். இரண்டையும் எழுதிக் கிழித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். நோட்டரி அடையாள அட்டை கேட்டார். வெண்டெலின் அட்டையை டோரீன் எட்டிப் பார்த்தார்.

"உங்க பேரு கிளாரன்ஸா?"

"வெண்டெல் நடுப்பேரு."

டோரீன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பேரே தெரியாத ஆள் என்று நோட்டரியிடம் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். (இங்கேயே முடித்துவிடச் சொன்னார் மரிசோல்.)

பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் வெண்டெல் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு எதுக்கு டோரீன் மூணு ரூம்?"

டோரீன் நிமிர்ந்தார். அவர் சொன்ன பதிலை நான் எழுதினால் அது சாட்சியமாகிவிடும். உங்களுக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். நோட்டரி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.