எல்லா ஊருக்கும் ஜிகினா

திண்டுக்கல் பேகம்பூரில் வாஜித் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் சரி, அவன் போட்ட பேனரில் இடம் கிடைக்காத சொந்தக்காரர் என்று ஒருவர் இருக்கமாட்டார். ஒருவர் முகம் விரற்கடை அளவு சின்னதாகிப் போனாலும் விசேஷ வீட்டில் நாற்காலி பறக்கும் என்பது அவன் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் எல்லோரும் ஒரே அளவு, எல்லோர் தலைக்குப் பின்னாலும் ஒளிவட்டம், எல்லாப் பெயருக்கும் தங்க நிறம். கண் கூசினாலும் சண்டை வராது.

மனைவி மஹ்ஜபீன் உருவாக்கிய விளையாட்டுக்கும் அப்படியேதான் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தான்.

மஹ்ஜபீன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டு ராஜாக்கள் படை நகர்த்திக் கோட்டை பிடிக்கும் ஆட்டம் ஒன்றை, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து யோசித்துச் செய்திருந்தாள். தாயம் உருட்டுகிற வேலையே கிடையாது, முழுக்க மூளைதான். ஆட்டத்தின் உயிர் ஒரு கணவாய். மலையில் இருக்கும் அந்த ஒரே வழியை அடைத்துவிட்டால் எதிரிப் படைக்குச் சோறு வராது. சென்னையில் இத்தகைய விளையாட்டுகளை வெளியிடும் ஒரு கம்பெனி, புதியவர்கள் ஆடுகிற வீடியோவை அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்துப்போனால் அவள் பெயரோடு கடைக்கு வரும். அவள் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டு வாஜித் பார்த்ததில்லை.

வெள்ளோட்டத்துக்கு மாடிவீட்டு பிரபுவும் அவன் மனைவி கௌசல்யாவும் வந்தார்கள். பிரபு சாலை என்று நினைத்து எல்லைக்கோட்டின் மேல் படையை நடத்திக்கொண்டு போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டும் ஒரே தங்கக் கோடு. கௌசல்யா கோட்டையைத் தேடி ஏதோ ஒரு குக்கிராமத்தில் போய்க் கொடி நட்டாள். எல்லா ஊருக்கும் ஒரே கோபுரம், ஒரே ஜிகினா. கணவாய் யார் கண்ணிலும் படவில்லை. பாதி ஆட்டத்தில் பிரபு கொட்டாவியை மறைக்கப் பார்த்தான்.

"எங்களுக்கு இம்புட்டு மூளை இல்ல போல டீச்சர்," என்று கௌசல்யா எழுந்துகொண்டாள்.

அவர்கள் போனதும் மஹ்ஜபீன் காய்களை அள்ளி டப்பாவில் போட்டாள். "விதி ஜாஸ்தியாயிருச்சுங்க. யாருக்குமே புரியல. எனக்கு இதெல்லாம் வராது."

வாஜித் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். சாலையும் எல்லையும் பின்னிக்கொண்டு கிடந்ததை அவனும்தானே பார்த்தான்? ஆனால் படத்தை விரித்ததுமே பிரபு "சூப்பரா இருக்குண்ணே" என்று சொன்னது அவன் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்துவிட்டான். மறுநாள் அவள் விதிகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள். "கணவாயையும் எடுத்துட்டேன்," என்று அவள் சொன்னபோது பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அப்போதும் சொல்லவில்லை. மனுஷனுக்கு ரோஷம் அப்படி.

அதற்கு அடுத்த நாள், மகளின் காதுகுத்து பேனரைச் சரிபார்க்க ஒச்சப்பன் கடைக்கு வந்தார். திரை நிறைய மாமன்மார், மச்சினன்மார், கூலிங்கிளாஸ் போட்ட பங்காளிகள். ஒச்சப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் சரிதான் அப்பு. எம் மக எங்க?"

"இந்தா இருக்கே," என்று வாஜித் விரலை வைத்தான். அது யாரோ கொழுந்தியாள் மகள். விரல் மேலே போயிற்று, கீழே வந்தது. போட்டவனுக்கே கிடைக்கவில்லை. கடைசியில் பிள்ளை ஒரு தாய்மாமன் மீசைக்கும் இன்னொருவர் ஒளிவட்டத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது.

வாஜித் பிள்ளையை நடுவில் இழுத்துப் பெரிதாக வைத்தான். மற்றவர்களைச் சின்னதாக்கி ஓரத்தில் நிறுத்தினான். உடனே பழைய பயம் வந்துவிட்டது. "அண்ணே, ஒங்க மச்சினன் சின்னதாயிட்டாரே. சண்டைக்கு வந்துருவாருல்ல?"

"வரட்டும்ப்பா. காது அவனுக்கா குத்துறோம்?"

ஒச்சப்பன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வாஜித்தால் சிரிக்க முடியவில்லை. கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஜபீன், தப்பு ஒன் ஆட்டத்துல இல்ல. என் படத்துலதான். அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா?" விதிகளை வெட்டிக்கொண்டிருந்த பேனாவை அவள் கீழே வைத்தாள். "ரெண்டு நாளா நாந்தான் முட்டாள்னு நெனச்சு வெட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் அழுதாள், திட்டினாள், அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அவன் லேப்டாப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் மட்டும் கடுகடுவென்றே இருந்தது.

"மொதல்ல எது கண்ணுல படணும்? நீயே சொல்லு," என்றான் வாஜித்.

"கணவாய். அப்புறம் ரெண்டு கோட்டை. அப்புறம் ஆறு."

"மத்த ஊரெல்லாம்?"

"தேடுனா தெரிஞ்சாப் போதும்."

ஒவ்வொரு ஊரையும் சிறிதாக்கும்போது, அந்த ஊர்க்காரன் வந்து சட்டையைப் பிடிப்பான் என்பதுபோல அவன் கை தயங்கியது. ஆனாலும் ஜிகினாவை மொத்தமாக உரித்தான். நிலத்துக்கு வெளிறிய மண் நிறம் கொடுத்தான். சாலைக்கு அழுத்தமான கோடு, எல்லைக்கு வெறும் புள்ளிகள். மலையைக் கருக்கிவிட்டுக் கணவாயை மட்டும் வெள்ளையாகத் திறந்துவிட்டான். அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, இருவரும் வாசல்வரை தள்ளிப்போய் நின்று பார்த்தார்கள். அங்கிருந்தே கணவாய் தெரிந்தது. வெட்டிய விதிகளை மஹ்ஜபீன் திரும்பச் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரபுவும் கௌசல்யாவும் தயங்கித் தயங்கித்தான் இறங்கி வந்தார்கள். இந்தத் தடவை மஹ்ஜபீனே கௌசல்யாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வாஜித் போனில் வீடியோ எடுத்தான். கௌசல்யா ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தாள், படையை நகர்த்தினாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். மஹ்ஜபீன் ஆற்றைத் தாண்டிக் கோட்டையை நெருங்கிய நேரம் பார்த்து, கௌசல்யா இரண்டு காய்களைச் சத்தமில்லாமல் கணவாயில் வைத்து அடைத்தாள்.

அவ்வளவுதான். சோறில்லாத படை ஒவ்வொன்றாகப் பலகையை விட்டு இறங்கியது. தான் செய்த ஆட்டத்தில் மஹ்ஜபீன் தோற்றுப்போனாள்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கௌசல்யா பதறிவிட்டாள்.

"அய்யோ டீச்சர், நான் தப்பா ஆடிட்டேனா?"

"இல்லம்மா," என்று மஹ்ஜபீன் கண்ணைக்கூடத் துடைக்காமல் சிரித்தாள். "நான் நெனச்ச மாதிரியே ஆடிட்டீங்க."