எர்மெலிந்தா வீட்டு வரிசை

அபீலியோ டிராக்டர் கவிழ்ந்து செத்த வருடம், சகல புனிதர் திருநாள் பிற்பகலில், போர்த்துக்கல் என்று ஒரு நாடு உண்டாவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் தொடங்கி அவன் வரைக்கும் இறந்துபோனவர்கள், அவன் மனைவி எர்மெலிந்தாவின் வாசலில் சாப்பிட வந்து வரிசையில் நின்றார்கள். எல்லாரும் வரவில்லை, பலருக்கு வேறு வீடுகளில் அழைப்பு இருந்திருக்கும். அப்படியும் வரிசை ஃபோன்டெலாவின் ஒரே தெருவை நிறைத்து, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி ஆற்றுப்பாலம் வரை போயிற்று. வெயில் நன்றாக இருந்தது.

தவறு எர்மெலிந்தாவுடையதுதான். எங்கள் மலையூர்களில் அன்று கல்லறைக்குச் சாமந்திப்பூ வைத்துவிட்டு வந்து, முற்றத்தில் நெருப்பு மூட்டிக் கஷ்கொட்டை சுடுவோம். புது வைன் பீப்பாயைத் திறப்போம். செத்தவர்களுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்து, அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அபீலியோ செத்த அன்று காலை வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போனவன். அந்தப் பெயரைச் சொல்ல அவளால் முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு, கடைசியில், "நம்ம ஆளுங்க எல்லாரும் வந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். வந்துவிட்டார்கள்.

மூத்தவர்கள் முன்னால் நின்றார்கள். முதல் ஆள் ஆட்டுத்தோல் போர்த்திய கிழவர், ரோமானியர்கள்மேல் கல்லெறிந்தவர். அவருக்குப் பின்னால் அவர் கல்லெறிந்த ரோமானியர்கள், சாலை போட வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். அபீலியோ வரிசையின் கடைசியில், பாலத்தின்மேல் நின்று தொப்பியை ஆட்டினான். கோயிலில் அந்தி மணி அடித்தால் எல்லாரும் போய்விட வேண்டும். அதற்குள் அவள் கையால் அவன் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர எர்மெலிந்தாவுக்கு வேறு எண்ணமே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் விருந்தாளி முதலில் வேண்டாம் என்பார், மறுபடியும் வேண்டாம் என்பார், அப்புறம்தான் தட்டை நீட்டுவார். காலியானதும் இன்னொரு தடவை போட்டுக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரி மல்லுக்கட்ட வேண்டும். செத்தவர்களும் இதை விடவில்லை. முதல் வருடம் மணி அடித்தபோது ரோமானியர்களில் பாதிப் பேர்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஒட்டீலியாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அபீலியோவை முன்னால கூப்பிடேன். யாரு கேக்கப்போறா?"

"பெரியவங்களை நிக்கவச்சுட்டு எம் புருஷனுக்குப் போடவா? நல்லாருக்கே!"

"அப்ப அந்த ஆட்டுத்தோல் தாத்தா போதும்னா விட்டுடு. நாலாவது தட்டுக்கா அவரைக் கெஞ்சுவ?"

"ரெண்டாயிரம் வருஷப் பட்டினிடீ அவருக்கு."

அடுத்த வருடம் அவர்கள் மறுபடியும் வந்து நிற்க, விட்ட இடத்திலிருந்து பரிமாற ஊரே அடுப்பும் அண்டாவும் கொண்டுவந்தது. கலப்பையோடு வடக்கிலிருந்து வந்த செம்பட்டை முடிக்காரர்கள் வரை சாப்பாடு போயிற்று. அதற்கு அடுத்த வருடம் மூர்கள், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட முஸ்லிம்கள். அவர்களுக்கென்று கோழி சமைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு எர்மெலிந்தாவின் கிணற்றை எட்டிப் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் தோண்டியிருக்கலாம் என்றார்கள். தோண்டினோம், தண்ணீர் நன்றாக இருக்கிறது. அவர்களைக் குதிரைமேல் வந்து துரத்தியவர்கள் அடுத்தாற்போல் உட்கார்ந்து அவர்களிடமே உப்பு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிறகொரு வருடம், ஊரறியச் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பழைய வேதத்தைக் காப்பாற்றிய யூதர்கள் வந்தார்கள். பன்றிக்கறி என்று நம்பும்படி கோழியைத் திணித்த சாசேஜை அவர்கள் தட்டில் வைத்ததும், அது தங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லிச் சிரித்தார்கள்.

கப்பல்காரர்களின் முறை வந்தபோது எர்மெலிந்தாவின் முழங்கால்கள் போய்விட்டிருந்தன. கடல் பயணத்தில் பல் கொட்டியவர்களுக்குக் கஷ்கொட்டையைப் பாலில் மசித்துக் கொடுத்தாள். கினியாவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டு இங்கேயே உழைத்து மாண்டவர்களும் அவர்களோடு நின்றார்கள். கொண்டுவந்தவர்கள் தலை நிமிராமல் அவர்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தார்கள். சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. பாலத்தில் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது. அப்போது பிரியோலாஞ்சா என்ற, இந்தியாவுக்குப் போன மாலுமி ஒருவனின் மனைவி, தட்டை வாங்காமல் கரண்டியைப் பிடித்தாள்.

"குடு இப்படி. யாரைப் பாத்துப் பாத்து நீ சூப்பைக் கீழ ஊத்தறே?"

"எம் வீட்டுக்காரர். பாலத்துல நிக்கிறாரு."

"என் ஆளுக்காகப் பதினோரு வருஷம் துறைமுகத்துல நின்னேன். உனக்குப் பாலம் கண்ணுக்குத் தெரியுது, நீ இங்க நின்னு கரண்டி ஆட்டிக்கிட்டிருக்கே! போடீ. எனக்கும் கெஞ்சத் தெரியும், நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்காரி விருந்தின் நடுவில் எழுந்து போவது எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை. எர்மெலிந்தா செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதில் சூடான கஷ்கொட்டையை நிரப்பிக்கொண்டு இறங்கினாள். லிஸ்பன் பூகம்பத்தின் சுண்ணாம்புத் தூசி இன்னும் தலையில் இருந்தவர்களைத் தாண்டினாள். பிரேசிலில் சம்பாதித்துத் தங்கப் பல் கட்டித் திரும்பியவர்கள் வழிவிட்டார்கள். ஆப்பிரிக்கச் சண்டைகளில் செத்த பையன்கள் மீசை முளைக்காத முகத்தோடு வணக்கம் சொன்னார்கள். திருட்டுத்தனமாக எல்லை தாண்டிப் பிரான்சுக்கு நடந்தவர்கள், பத்திரமாகச் சேர்ந்ததும் வீட்டுக்கு அனுப்புவதற்கென்று பாதியாகக் கிழித்த போட்டோவைக் கையில் வைத்திருந்தார்கள். அப்புறம் பாலம்.

"சாப்பிட்டியாய்யா?"

"ஆச்சு ஆச்சு. வயிறு முட்ட இருக்கு," என்றான் அபீலியோ.

"பொய் சொல்லாத. காலையிலயே ஒண்ணும் திங்காமப் போன ஆளு நீ."

"ஆலிவ் பறிக்க ஆளுங்க வந்து நின்னாங்களே. சரி, ஒண்ணே ஒண்ணு குடு."

அவள் தோலை உரித்து உரித்துக் கொடுக்க, அவன் முழுவதையும் தின்றான். கொட்டை கொஞ்சம் தீய்ந்துவிட்டது என்றும் சொன்னான். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து இருவரும் இந்த வருட எண்ணெய் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

அதற்குப் பிறகு யாரும் அவளைக் கரண்டி பிடிக்க விட்டதில்லை. முன்னே சாப்பிட்டவர்கள் பின்னே நிற்பவர்களுக்குப் பரிமாற, ஒவ்வொரு வருடமும் மணிக்கு முன்பே பந்தி முடிந்துவிடுகிறது. எர்மெலிந்தா போன வசந்தத்தில் இறந்தாள். வரிசைப்படி அவள் அபீலியோவுக்கு வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டும்; நேராகப் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஆட்டுத்தோல் கிழவர்கூட அதைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார். அவர்களுக்குச் சிலர் தள்ளி என் மனைவி நின்றாள், நீலச் சால்வையோடு. குளிரில் வெறுந்தலையோடு நிற்காதே என்று எனக்குச் சைகை காட்டினாள். வரிசை இப்போது பாலத்தைக் கடந்துவிட்டது. அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் வரை சாலை குண்டும் குழியுமாக இருந்தது. நகராட்சிக்குச் சொன்னோம். ஆள் அனுப்பி, சமப்படுத்தி, ஓரத்தில் உட்காரக் கல்லும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.