பந்தயத்துக்குப் போன இருவர்

“இன்னும் கொஞ்சம் வேகமாப் போ,” என்றாள் நோர்சியா.

“போய்க்கிட்டுதானே இருக்கேன்க்கா,” என்றான் காரை ஓட்டிய அவள் தம்பி பஹாரின். செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. அதை முந்த இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பின்னுக்கே வந்தான்.

தொலைபேசியில் பேசியவன் யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது. பந்தயத் திடலிலிருந்து பேசுவதாகச் சொன்னான். பஹாவ் மருத்துவமனைக்கு வாருங்கள், பதறாமல் வாருங்கள் என்றான். அந்தப் ‘பதறாமல்’தான் அவளைப் பதறவைத்தது. அதன் பிறகு கணவனின் எண்ணும் மகனின் எண்ணும் அடித்து அடித்து ஓய்ந்தன.

மகன் அஸ்ரிலுக்குப் பதினாறு வயது. சிறு பையனாக இருந்தபோதே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கிவிட்டான். ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. பந்தய நாட்களில் வீட்டில் உட்கார்ந்து, விழுந்துவிட்டான் என்ற சேதிக்குக் காத்திருப்பாள். அப்பனும் மகனும் வேன் ஹாரனை அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

நேற்றுக் காலையில்கூட அதே பேச்சுதான். பெரிய அணி ஒன்று அடுத்த ஆண்டுக்கு அஸ்ரிலைக் கேட்டிருந்தது. சம்பளம் உண்டு. ஜப்பானில் பயிற்சி.

“நம்ம ஊர்ப் பசங்க தார் ரோட்டுல வண்டி மேல குப்புறப் படுத்துக்கிட்டு ஓட்டுறானுங்களே, அது பரவாயில்லையா?” என்றார் கணவர் ஜைலானி, டீயை ஆற்றிக்கொண்டே. “அங்க வளைவுக்கு வளைவு ஆள் நிக்குது. டாக்டர் இருக்காரு. ஆம்புலன்ஸ் தயாரா நிக்குது.”

“ஆம்புலன்ஸ் நிக்கிற எடத்துக்கு எந்தத் தாய் புள்ளைய சந்தோஷமா அனுப்புவா?”

அவர் சிரித்தார். “அப்ப வேண்டாம்னு சொல்லு நோர். நான் அவன்கிட்ட சொல்லிடறேன்.”

அவள் சொல்லவில்லை. சொன்னால் பையன் கேட்டுக்கொள்வான். அதற்கப்புறம் தன்னை எப்படிப் பார்ப்பானோ என்பதுதான் பயம்.

அவசரப் பிரிவின் வாசலில், பந்தய உடையோடு, வியர்வையில் முடி ஒட்டிக்கிடக்க, அஸ்ரில் நின்றிருந்தான். இரண்டு காலில் நின்றிருந்தான். ஓடிப்போய் அவன் கைகளை, கழுத்தை, முகத்தைத் தடவினாள். “அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்,” என்று வாய்விட்டு இறைவனுக்கு நன்றி சொன்னாள். சிரிப்புகூட வந்தது.

“அம்மா,” என்றான். “அப்பா.”

மாரடைப்பு. தடத்தின் ஓரச் சுவரில் நின்று, மகனுக்குச் சுற்று எண்ணைக் காட்டும் பலகையை நீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். பையன்களுக்காக நின்ற ஆம்புலன்ஸ்தான் அவரை ஏற்றி வந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் காலையில் அடக்கம். மையித்தைக் குளிப்பாட்டும்போது அஸ்ரில்தான் தண்ணீர் ஊற்றினான். நோர்சியாவுக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சி, விடுங்கள் என்றார்கள் பெண்கள். அவள் காதில் அவளுடைய குரலே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது, மருத்துவமனை வாசலில் இறைவனுக்கு நன்றி சொன்ன அந்தக் குரல். பெரிய அணியின் மேலாளர் வந்து சலாம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததே அவளைக் கேட்பதுபோல் இருந்தது.

ஆண்கள் கபுரிஸ்தானிலிருந்து திரும்பிய பிறகு, மாலை ஓதலுக்கான சமையல் வீட்டின் பின்புறம் தொடங்கியது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் பக்கத்தில் அஸ்ரில் வந்து குந்தினான்.

“கடைசி ரவுண்டுல அப்பாவக் காணோம்மா. பொறுமையா இரு, முந்தாதேன்னு சொல்லியிருந்தாரு. நான் கேக்காம முந்திட்டேன். கோவிச்சுக்கிட்டு உள்ள போயிட்டாருன்னு நெனச்சேன்.”

“கோவமெல்லாம் இருந்திருக்காது.”

“ரெண்டாவதா வந்தேன்.”

“ம்.”

வெங்காயத் தோல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவித்தான். “ஆஸ்பத்திரிக்கு என்ன நெனச்சு வந்தீங்கம்மா?”

அவள் கத்தி நின்றது. “ஒண்ணும் நெனக்கல. கூப்பிட்டாங்க, வந்தேன்.”

அவன் தலையை ஆட்டினான். நம்பியதாகத் தெரியவில்லை. அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“ஐஸ் பத்தாது, யாராச்சும் கடைக்குப் போங்க,” என்று நாத்தனார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“நான் போறேன்,” என்று எழுந்த அஸ்ரில், சுவரோரம் நின்ற அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“இருடா, நான் கார்ல போய் வாங்கிட்டு வந்துடறேன்,” என்றான் பஹாரின்.

அஸ்ரில் அம்மாவைப் பார்த்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களும் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

“அவனே போகட்டும்,” என்றாள் நோர்சியா. பிறகு, “ஹெல்மெட்,” என்றாள்.

தாடைக்குக் கீழே வாரை இறுக்கிக்கொண்டு அவன் கிளம்பினான். அவள் கேட் வரைக்கும் போய் நின்றாள். வண்டி பள்ளிவாசல் முனையில் திரும்பி ரப்பர் தோட்டத்துக்குள் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

தேங்காய்ப்பால் எங்கே இருக்கிறது என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். இரண்டாம் முறையும் கேட்டார்கள். அவள் கேட் கம்பியைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.