சுவரில் பதிந்த கை

தேங்காப்பட்டணத்துச் சலாஹுதீனிடம் அவர் வீட்டுக்கு வயசு எவ்வளவு என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்துத்தான் பதில் வரும். உள்ளூர்க்காரனுக்கு நூற்றைம்பது வருஷம், வெளியூர்க்காரனுக்கு இருநூறு. திருவிதாங்கூர் ராஜா ஆண்ட காலம் அது. அந்தச் சனிக்கிழமை வந்தவரோ திருவனந்தபுரத்துச் சர்க்கார் ஆள். பழைய வீடு, கோட்டை, கல்வெட்டு என்று ஊர் ஊராகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறவர். நம்ம ஆள் வாயைத் திறந்ததுமே முந்நூறுக்குப் போய்விட்டார்.

அவர் மனைவி ஹமீதா பீவி மரத்தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்நிய ஆண்கள் வந்தால் வீட்டுப் பெண்கள் தட்டியைத் தாண்டுவதில்லை. வருஷக் கணக்கைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை, சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் கவலையெல்லாம் மேற்குச் சுவர்தான்.

இருக்கிற நாலு அறையில் மூன்று ஒழுகும். ஒழுகாத ஒரே அறையில் மகள் நூர்ஜஹான் நிறைமாசமாய்ப் படுத்திருந்தாள். அந்த அறையின் மேற்குச் சுவர் உள்பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழைக்குத் தாங்காது என்று கொத்தனார் ஆபேல் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை வந்து பிரித்துக் கட்டுவதாகப் பேச்சு.

சர்க்கார் ஆள் முற்றத்தில் நின்று அந்தச் சுவரையே பார்த்தார். வெளிப்பக்கச் சாந்தில் ஒரு சின்ன உள்ளங்கை, ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது.

“இது யார் கை?”

“எங்க வம்சத்து மூத்த கப்பல்காரரு அரபு நாட்டுலேருந்து கெட்டிக் கொண்டுவந்த பீவியோட கையாக்கும், ஏமானே!” என்றார் சலாஹுதீன்.

 அது ஹமீதாவுடைய கை. கல்யாணமாகி வந்த வருஷம், இடிந்துபோன சுவரின் பழைய கல்லையே எடுத்து மாமனார் இதைக் கட்டினார். பன்னிரண்டு வயசு மருமகள் ஈரச் சாந்தில் விளையாட்டாய்க் கையை வைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம்தான் ஆகிறது. சலாஹுதீனுக்கும் தெரியும்.

சர்க்கார் ஆள் எழுதிக்கொண்டார். “அபூர்வமான சுவர். இனி இதில் ஒரு கல்லைத் தொடக் கூடாது. இடித்தால் தண்டனை உண்டு.”

சலாஹுதீனுக்கு முகம் விழுந்துவிட்டது. சர்க்காரிடம் பொய் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது? 

தட்டிக்குப் பின்னாலிருந்து ஹமீதா சத்தம் கொடுத்தாள். “ஏமானே, அது எனக்க கையாக்கும். நான் வந்த பொறவு கெட்டின சுவரு. உள்ள புள்ள நெறமாசமா கெடக்கா.”

“உங்கள் வீட்டுக்காரர் வேறே சொல்கிறாரே?”

சலாஹுதீன் வாயைத் திறக்கவில்லை. பாவி மனுஷன்.

அவள் முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டு, தட்டியைத் தாண்டி வெளியே வந்தாள். “ஏட்டி!” என்று அவர் பதறினார். நேரே போய் வலது கையை அந்தத் தடத்தின்மேல் வைத்தாள்.

சேரவில்லை. நெல் குத்தியும் கயிறு திரித்தும் தடித்துப்போன கை. விரல்கள் தடத்தைத் தாண்டி நீண்டன.

சர்க்கார் ஆள் குனிந்து நிதானமாகப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. “அம்மா, உங்கள் கை பெரிது. நீங்களே பாருங்கள்.”

“அப்ப நான் சின்னப் புள்ள, ஏமானே.”

“எல்லாரும் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைதானே” என்று சொல்லி நோட்டை மூடினார்.

திங்களன்று ஆபேல் வந்தான். வாசலில் சர்க்கார் ஆள் ஒட்டிவிட்டுப் போன தடைக் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். “ஜெயிலுக்குப் போவ எனக்கு ஏலாது, உம்மா” என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடுத்த இரண்டு வாரத்தில் சலாஹுதீன் இரண்டு மனு எழுதினார், பதில் இல்லை. உள்ளே இரண்டு தென்னந்தடியை முட்டுக் கொடுத்தார். மகளைக் குளச்சலில் மாமன் வீட்டுக்குக் கொண்டுபோக வெள்ளிக்கிழமைக்கு வண்டியும் பேசினார்.

மழை முந்திக்கொண்டு புதனன்றே பிடித்தது. அன்று மதியமே நூர்ஜஹானுக்கு வலியும் கண்டது. இனி நகர்த்தக் கூடாது என்றாள் மருத்துவச்சி. மற்ற மூன்று அறையிலும் தண்ணீர் கொட்டியது. ஈர மண் தரையில் முட்டுத்தடி ஒன்று வழுக்கிச் சரிந்தது; மேற்குச் சுவர் இன்னும் உள்ளே சாய்ந்தது.

“உம்மா, எனக்க கையைப் புடியுங்கோ” என்று கதறினாள் மகள்.

“இதா வாறேன் மக்கா” என்றாள் ஹமீதா. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றித் தள்ளிக்கொண்டு நின்றாள். கையை எடுக்க அவளால் முடியவில்லை.