சமூகம் என்றால் எழும்பும் கூரை

இது தொடங்கியது எந்த வருடம் என்பது சரியாக நினைவில் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். தேர்தலுக்கு முந்திய மழை என்று சிலரும், அதற்கும் முந்திய வருடத்து மழை என்று சிலரும் சொல்கிறார்கள். மேடையில் யாராவது 'சமூகம்' என்று சொன்னால் அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தின் தகரக் கூரை ஒரு சாண் எழும்பும் என்பதில் மட்டும் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

முதன்முதலாகத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் பேசியபோதுதான் எழும்பியது. நம் சமூகம் விழித்துவிட்டது என்றார், ஒரு சாண். சமூகத்துக்காக உயிரையும் கொடுப்பேன் என்றார், இன்னொரு சாண். அவர் ஹட்டனுக்கு வாகனம் ஏறியதும் கூரை மெல்ல இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பிறகு தொண்டு நிறுவனங்கள் பதாகை கட்டிக்கொண்டு வந்தன; அவர்கள் பேச்சுக்கும் எழும்பியது. அடுப்புப் புகை வெளியேற வசதியாக இருக்கிறதென்று பெண்கள் சொன்னதால் யாரும் முறையிடவில்லை.

லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகக் காம்பராக்கள் பத்து, கூரை ஒன்று. ஆனாலும் காற்றில் பறக்காதிருக்க அவரவர் தலைக்கு மேல் மட்டும் கல்லும் பழைய டயரும் ஏற்றிவைப்பதே எங்கள் வழக்கம். கடைசிக் காம்பராவின் மேல் ஒன்றும் இல்லை. அங்கிருந்த வினோதா வேறு சாதியில் கட்டிக்கொண்டவள். அவள் வாசலை யாரும் மிதிப்பதில்லை. புருஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தான். மூச்சிழுப்பு வந்த கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் கூரைமேல் ஏற முடியாது. நாலு கல் ஏற்றித் தரும்படி எல்லோரிடமும் கேட்டாள். எல்லோரும் நாளைக்கு என்றார்கள்.

அந்த நாளைக்குத்தான் தேர்தல் கூட்டம். பேச்சாளர்கள் மூவர் போட்டி போட்டுக்கொண்டு சமூகத்தை அழைத்தார்கள். மழைக்காற்று வினோதாவின் பக்கத்துக் கூரைக்குள் புகுந்து, டின் மூடியைப் போல அதைத் திறந்தது. குழந்தையின் மேல் தண்ணீர் கொட்டியது, மூச்சுத் திணறியது. அவள் அலறினாள். அடுத்த காம்பரா அம்மாக்கண்ணுவின் தகரம் நெளியத் தொடங்கிய பிறகே ஆட்கள் ஓடி வந்தார்கள். கயிறு எறிந்து இழுத்தார்கள். கூரை அசையவில்லை. மேடையில் பேச்சும் நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டப் பள்ளியில் படிப்பித்த குணரத்தினம் மாஸ்டர் குடையோடு நின்று விளக்கினார்: "கம்யூனிட்டி எண்டது லத்தீன்ல இருந்து வந்த சொல்லு. சேர்ந்து சுமக்கிற கடமை எண்டு அர்த்தம். எங்கட சமூகம் எண்டது சமஸ்கிருதம். குவியல் எண்டுதான் பொருள்."

"குவிஞ்சுதாங்க சேர் நிக்கிறோம். கொடைய மடக்கிட்டு இந்தக் கயித்தப் புடிங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

மாஸ்டர் பிடித்தார். கூரை இறங்கியது.

குழந்தையைத் துடைத்தபடி வினோதா கேட்டாள்: "எம் புள்ளைக்காகவா ஓடியாந்தீங்க அக்கா?"

"ஒந் தகரம் போனா எந் தகரமும் போயிருமில்ல."



அந்தத் தொழிற்சங்கத் தலைவர் தேர்தலில் வென்று, இப்போது கான்கிரீட் கூரையுள்ள மண்டபங்களில் மட்டும் பேசுகிறார். மாஸ்டர் இடமாற்றம் வாங்கி ஊருக்குப் போய்விட்டார். குழந்தைக்கு இழுப்பு நின்று, பள்ளிக்கூடம் போகிறது. கயிறு வினோதாவின் வாசலிலேயே தொங்குகிறது. ஒலிபெருக்கி கட்டும் சத்தம் கேட்டால் மற்ற ஒன்பது வீட்டாரும் அங்கே வந்து பிடித்துக்கொள்கிறார்கள். கூட்டம் முடியும்வரை அவள் தேத்தண்ணி ஊற்றுகிறாள்; ஒருவரும் மறுப்பதில்லை. கோப்பையை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள்.