அரசரின் வால்

அம்மா, என் மூன்று மாதச் சோதனைக் காலம் இன்றோடு முடிந்தது. மலை உச்சிக் கோட்டையில் இருக்கிற இந்த அருங்காட்சியகத்தில் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் மாலைக்குள் சொல்லியாக வேண்டும். வேலை போனால் விசாவும் போய்விடும்.

பதினோரு மணிக்கு ஆயுத அறையில் ஒரே சிரிப்பு. ஓடினேன். நம் ஆட்கள்தான்: ஓர் அக்கா, அக்காவின் கணவர், அக்காவின் தம்பி. கண்ணாடிப் பேழைக்குள் நீண்ட வாள். கீழே நான் எழுதிய தமிழ் அட்டை.

அக்கா சத்தமாக வாசித்தார்: “அரசரின் வால். மொத்தம் நான்கு அடி. போரில் இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றுவார். துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவப்படும்.”

“மச்சான், எண்ணெய் தடவினா நாலடி வளருமா?” என்றார் தம்பி.

“உனக்குத் தலையில முடியே வளரல. அதுக்குள்ள வாலுக்குப் போயிட்டியா?”

அட்டையை எட்டிப் பார்த்தேன். என் நாக்கில் ‘ள’ வராது என்பது உனக்குத் தெரியாததா! நாற்பது அட்டைகளையும் போனில் பேசிப் பேசித்தான் எழுதினேன். அது என் வாயில் வந்ததை அப்படியே எழுதிவிட்டது.

சத்தம் கேட்டு மேலாளரே வந்துவிட்டார். “ஏன் சிரிக்கிறாங்க?”

அவருக்குத் தமிழ் தெரியாது. கோட்டை பிடித்துப்போய்ச் சிரிக்கிறார்கள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அக்காகூட எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆனால் அட்டை நாளைக்கும் அங்கேதானே இருக்கும்?

“தப்பு என்னுதுதான் மேடம். ஒரு எழுத்து மாறிடுச்சு. அரசருக்கு நாலடி வால் இருந்ததா போட்டுட்டேன்.”

மேலாளர் சுவரில் தொங்கிய அரசரின் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அதுக்கு எண்ணெயும் போடுவாங்களாம்,” என்று அவர் மொழியிலேயே எடுத்துக்கொடுத்தார் தம்பி. பாவி!

அவ்வளவுதான். மேலாளர் பேழையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“மத்த அட்டையெல்லாம் சரியா இருக்கா?”

“தெரியல மேடம். படிச்சுப் பார்க்கணும்.”

“நாலடி வாலையே மறைக்காம சொல்ற பொண்ணை எங்க அனுப்புறது? வேலை உனக்குத்தான். முதல்ல அந்த அட்டையைக் கழட்டு.”

அக்காவே முந்திக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். கைப்பையிலிருந்து பேனாவும் எடுத்தார். “வாம்மா, மத்ததையும் பார்த்துடலாம்.”

அதற்குள் தம்பி பக்கத்துச் சிறை அறைக்குப் போய்விட்டார். கைதிகளின் இரும்புத் தளைகள் அங்கேதான் இருக்கின்றன.

“மச்சான், ஓடி வாங்க! இங்க ஒவ்வொரு கைதிக்கும் ரெண்டு தலை!”